கை முறிந்த செய்தி

செனியோ இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அக்ராவில், மருத்துவமனை வாசலில், அவன் தம்பி எலிக்கெம் கைப்பேசியோடு நின்றான்.

“பைக்ல விழுந்து கை முறிஞ்சிருக்குன்னு மட்டும் உங்கப்பாகிட்ட சொல்லு,” என்றாள் அத்தை மகள் ஜிஃபா. “சாவைப் போன்ல சொல்லக் கூடாது. அஃப்லாவோவிலிருந்து அவர் தனியா வண்டியேறி வரணும், அந்த நெஞ்சு வலியோட.”

“நீ பேசேன்.”

“அவர் குரலைக் கேட்டா அழுதுடுவேன்.”

எலிக்கெமுக்குப் போன் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“லீவு கேக்கக்கூட உனக்காக அண்ணன்தான் போன் பண்ணணும்,” என்றாள் ஜிஃபா. “ இனி அவன் இல்லடா.”

நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா எடுத்தார்.

“அப்பா, அண்ணன் பைக்ல விழுந்துட்டான். கைதான் முறிஞ்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. கிளம்பி வாங்க.”

ஒரு சொல்கூடத் திக்கவில்லை. ஜிஃபா அவன் தோளை அழுத்தினாள்.

“சாப்பிட்டானா?”

“கென்கே சாப்பிட்டான்பா.”



“நீ எப்பவும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிடுவே. நான்தான் திருப்பிக் கூப்பிடுவேன். பேசப் பயம் உனக்கு,” என்றார் அப்பா. “இன்னைக்கு நான் எடுக்குற வரைக்கும் காத்திருந்து, திக்காம பேசுறே. கை முறிஞ்சதுக்கு உனக்கு இவ்வளவு தைரியம் வராது.”

எலிக்கெம் சுவரில் சாய்ந்தான்.

“எந்தப் பிணவறைன்னு மட்டும் சொல்லுப்பா.”