மகளின் கம்ப்யூட்டர்

இலுப்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரீட்டா, மரிய அந்தோணி கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். பிரவுசரில் எதைத் தட்டினாலும் கண்ட விளம்பரமும் வந்து நின்றது.

“அண்ணே, இதுல யாரோ வேவு பாக்குற சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க. அதுதான் பிரவுசரைக் கெடுத்திருக்கு. டைப் பண்றதெல்லாம் ஒரு மெயிலுக்குப் போயிருக்கு.”

“எடுத்துரும்மா. என் மக ஸ்டெல்லாவோடது. கல்யாணமாகித் திருச்சியில இருக்கா. அவளுக்குக் குடுத்துவிடணும்.”

ரீட்டாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு பொம்பளப்புள்ள எழுதுனதை எவனோ படிச்சிருக்கான். மெயில் ஐடி இங்க இருக்கு. போலீஸ்ல குடுப்போம்ண்ணே.”

“வேணாம்மா. அது என் மெயிலுதான்.”

ரீட்டா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு பையனை விரும்புறதாத் தோழிக்கு எழுதியிருந்தா. அந்தக் கோவத்துல வேற எடத்துல பேசி முடிச்சேன். அவ வீட்டை விட்டுப் போயி அந்தப் பையனையே கட்டிக்கிட்டா.”

மரிய அந்தோணி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அன்னைக்கு அதைப் பாதி படிச்சதோட நிறுத்திட்டேன். மிச்சத்தை நேத்துதாம்மா படிச்சேன். ‘எங்க அப்பா சம்மதிக்காம இந்தக் கல்யாணம் வேணாம். அவருகிட்ட நானே பேசுறேன்’னு எழுதியிருக்கா.”