எட்டாம் லேன் ஓட்டை

போன வருஷம் மாநிலத் துப்பாக்கி சுடுற போட்டியில என் கடைசி குண்டு நடுப்புள்ளியிலதான் விழுந்துச்சு. ஆனா அது பக்கத்து லேன்காரியோட குறி அட்டை. ஏழாம் லேன்ல படுத்துக்கிட்டு எட்டாம் லேன் அட்டையைச் சுட்டுட்டேன். பத்து மார்க் வர வேண்டிய குண்டுக்கு எனக்கு சைபர், தேசியப் போட்டி கைவிட்டுப் போச்சு.

எட்டுல இருந்த பிலோமினா அந்த அட்டைய எங்கிட்டயே குடுத்தா. "இந்தாங்கக்கா, நீங்க போட்ட பத்து. வீட்டுல மாட்டிக்கங்க."

மாட்டினேன், பீரோ கதவுல. அதுக்கு இடது பக்கம் ஏழுன்னு எழுதின வெத்து அட்டை ஒண்ணு. தினமும் காலையில தரையில படுத்து, தோட்டா இல்லாத ரைஃபிளால குறி பார்ப்பேன். அந்த ஓட்டை கண்ணை இழுக்கும். இழுக்க விடாம ஏழுலயே நிப்பேன்.

"பார்த்து, உள்ள என் சட்டை இருக்கு"ம்பாரு வீட்டுக்காரரு.

இந்த வருஷப் போட்டியிலயும் எனக்கு ஏழாம் லேன், பிலோமினாவுக்கு எட்டு.

"அக்கா, இந்தத் தடவையும் எனக்கு ஒரு பத்து உண்டா?"

"போடி, உன்னுத நீயே சுட்டுக்க."

ஐம்பத்தொம்பது குண்டு முடிஞ்சுது. கடைசி ஒண்ணு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். அட்டைக்கு மேல இருந்த லேன் நம்பரைப் பார்த்தேன். ஏழு. கண்ணை எடுத்துட்டு மறுபடி பார்த்தேன். ஏழேதான்.

விசையில விரலை வச்சேன்.