ஏரி பார்த்த அறை

"இந்த முறை துண்டு நான்தான் எழுதுவன்," என்றாள் புனிதவதி.

கார் மில்லிக்கனிலுள்ள வீட்டை விட்டு ஹைவேயில் ஏறுவதற்குள் இதை மூன்றாம் தரம் சொல்லிவிட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த இரத்தினவேல் தலையை மட்டும் ஆட்டினார்.

"மூன்று குடும்பம். மூன்று வருஷம். மூன்று வருஷமும் வேரோனிக்கா அக்காவுக்கே அந்த அறை. இது எந்தக் கணக்கிலை வரும்?"

"திருவுளச்சீட்டு எண்டால் அப்பிடித்தான். அதிர்ஷ்டம்."

"அந்த அதிர்ஷ்டத்துக்கு எங்கட வீட்டு அட்ரஸ் தெரியாதாக்கும்."

கனடாவின் மஸ்கோக்காவில் ஒவ்வொரு ஜூலையும் ஒரு கிழமைக்கு அவர்கள் எடுக்கும் கொட்டேஜில் மூன்று அறைகள். பின்னாலுள்ள இரண்டின் ஜன்னலைத் திறந்தால் காரும் குப்பைத் தொட்டியும் தெரியும். அந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாத்றூம். முன் அறைக்குத் தனிப் பாத்றூம், சுவரளவு கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே ஏரி.

புனிதவதிக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கரியில் வேலை. ஜன்னலே இல்லாத பின்னறையில் பணிஸ் அடுக்கியே அவளுக்குப் பதினொரு வருஷம் போய்விட்டது. காலையில் கண் விழித்தால் தண்ணீர் தெரிய வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"கிடைச்ச மனுசி ஏரியைப் பாக்கிறாவோ? கேர்ட்டினை இழுத்து மூடி வைச்சிருக்கிறா. ஆனா சாப்பாட்டுக்கு நடுவிலையும் எழும்பி எழும்பி அறைக்குள்ளை போவா. போன வருஷம் ஒரு பின்னேரம் மட்டும் ஒன்பது தரம். எங்களுக்குக் காட்டத்தானே?"

"நீ ஏரியைப் பாக்க வந்தனியோ, அவவை எண்ண வந்தனியோ?"

அவள் முகத்தைக் கார் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மகேஸ்வரனும் யோகமலரும் பேத்தியோடு வந்திருந்தார்கள். வேரோனிக்காவும் கணவர் அருள்நாயகமும் பெட்டிகளை ஹோலில் வைத்துவிட்டு நின்றார்கள்.

புனிதவதி உடுப்புக்கூட மாற்றவில்லை. குசினி மேசையில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி இருந்து மூன்று துண்டு எழுதினாள். குடும்பத்துக்கு ஒன்று, அதில் கணவனின் பெயர். அதுதான் வழக்கம். நாலாக மடித்து, வெறும் பிஸ்கற் டின்னில் போட்டு மூடினாள்.

"ஒருத்தரும் தொடவேண்டாம். பிள்ளை எடுக்கட்டும்."

"கனடா எலெக்சன்கூட இவ்வளவு கண்டிப்பாய் நடக்கிறேல்லை," என்றார் மகேஸ்வரன்.

பேத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வழக்கம்போல இரத்தினவேலிடம் நீட்டினாள். அவர் பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அருள்நாயகம்."

புனிதவதியின் முகம் வெளுத்தது.

"நல்லாப் பாத்தனீங்களே?"

"கண்ணாடி போட்டிருக்கிறன்தானே."

"அரிசிப் பை காரிலை. பாரம். ஒருக்கா வாங்கோ."

காரின் டிக்கியைத் திறந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"துண்டிலை இருந்தது எங்கட பேர்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கட முகம் சொல்லுது. சொல்லுங்கோ."

இரத்தினவேல் கொஞ்ச நேரம் அரிசிப் பையின் கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஓம். எங்கட பேர்தான். போன வருஷமும் எங்கட பேர்தான் வந்தது."

"ஏன்?" என்றாள் அவள்.

"அந்த ஒப்பிறேசனுக்குப் பிறகு அக்காவாலை அடக்க ஏலாது, புனிதம். பொதுப் பாத்றூம் வாசல்லை நிண்டு கதவைத் தட்ட வெக்கம். இனி நாங்கள் வரேல்லை எண்டு அருள் அண்ணை என்னட்டைச் சொல்லி அழுதவர். சும்மா அறையைக் குடுத்தால் ஏன் எண்டு எல்லாரும் கேப்பினம். துண்டிலை வந்தால் ஒருத்தரும் கேக்காயினம்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அண்ணைக்கும் எனக்கும் மட்டுந்தான். உன்னட்டையும் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான்."

"ஒன்பது தரம்," என்றாள் புனிதவதி.

அவர்கள் திரும்பி வந்தபோது மகேஸ்வரன் வெளியே பார்பிக்யூவில் கரி மூட்டியிருந்தார். வேரோனிக்கா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். அவருடைய பெட்டி இன்னும் ஹோலிலேயே இருந்தது.

"புனிதம், ஒவ்வொரு முறையும் எங்களுக்கே வருது. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இந்த முறை அந்த அறையை நீங்கள் எடுங்கோ."

"துண்டிலை வந்ததை மாத்தக்கூடாது, அக்கா. பெட்டியைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையுங்கோ."

மகேஸ்வரன் பார்பிக்யூ பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்த பிஸ்கற் டின்னை எடுத்துக் குலுக்கினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. நாலாம் வருஷமும் ஒரே ஆளுக்கு. மிச்சம் ரெண்டையும் பிரிச்சுப் பாப்பம். வாசிச்ச ஆளிலை எனக்குச் சந்தேகம்."

இரத்தினவேலின் கை சட்டைப் பைக்குப் போனது.

புனிதவதி டின்னைப் பறித்து அப்படியே கரியில் கவிழ்த்தாள்.

"எழுதினது நான், மகேஸ் அண்ணை. என்னிலையுமோ சந்தேகம்?"

"ஐயோ, உங்களிலை ஆர் சந்தேகப்பட்டது?" என்று சிரித்துக்கொண்டு அவர் இறைச்சி எடுக்கப் போனார்.

இரத்தினவேல் மனைவியின் காதோடு சொன்னார்: "பிரிச்சிருந்தால் அருள் அண்ணையின்ர பேர் உள்ளுக்கை கிடந்திருக்கும். நான் பிடிபட்டிருப்பன். உனக்குப் பெரிய மனசு."

சூட்டில் இரண்டு துண்டும் மெல்ல விரியத் தொடங்கின. அவர் கண்ணில் படுமுன் புனிதவதி கம்பியை எடுத்துக் கரியைக் கிளறினாள்.

இரண்டிலும் அவள் 'இரத்தினவேல்' என்றே எழுதியிருந்தாள்.