கீழிருந்து தட்டியவள்

டொக். டொக். டொக்.

முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பனி பெய்யும் காலைகளில் இன்னும் அது என் காலடியில் கேட்கிறது. கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரி ஹெட்விக் ஹெக்லர் அம்மா துடைப்பக் கட்டையால் தன் மேல்தளத்தை இடிக்கும் சத்தம். அவள் வீட்டு மேல்தளம்தான் எங்கள் வீட்டுத் தரை.

ஜெர்மனியில் அந்தக் காட்டோரக் கிராமத்துக்கு நாங்கள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் வெண்டல் அமெரிக்கப் படையில் சார்ஜென்ட். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் அவரைப் பாலைவனப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். மாடி வீட்டில் நானும், ஐந்து வயது டெலியாவும், மூடுபனியும்.

படைத்தளத்தில் கொடுத்த தாளில் எழுதியிருந்தது: ஜெர்மானியர்களுக்குச் சத்தம் ஆகாது. கீழே இருந்து தட்டினால் உடனே நிறுத்துங்கள்.

நிறுத்தினோம். டெலியாவுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை மாட்டினேன். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினேன்.

சத்தம் குறையக் குறைய, தட்டல் கூடியது.

அந்த ஜனவரியில் நான் அதிகம் எழுந்திருப்பதும் இல்லை. படுத்தபடியே சன்னலில் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலா கனவா என்று பிரியாது. கெட்ட செய்தியோடு படைத்தளத்துக் கார் ஏதாவது எங்கள் வாசலில் வந்து நிற்குமோ என்று காது மட்டும் விழித்திருக்கும்.

டொக். டொக். டொக்.

"டெலியா! ஓடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் ஓடலம்மா. கட்டில்லதான் இருக்கேன். மூச்சுதான் விட்டேன்."

"அதையும் மெதுவா விடு."

வாசலில் ஹெக்லர் அம்மாவுக்குப் பின்னால் வந்து வணக்கம் சொன்னால் திரும்பமாட்டாள். மணி அடித்தால் கதவு திறக்காது. ஒருநாள் படிக்கட்டின் கீழே நின்று, மேலே கையைக் காட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஏதோ கத்தினாள்.

"அம்மா, அவங்களுக்கு நம்மளப் பிடிக்கலையா?"

"பிடிக்கலடா."

கணவர் போருக்குப் போன குடும்பம் சொந்த ஊர் திரும்ப ஒரு படிவம் உண்டு. நிரப்பிவிட்டேன். வெண்டலுக்கு எழுதத்தான் கை வரவில்லை. 'திரும்பி வர்றப்ப வீட்ல நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்க. அதை நினைச்சுத்தான் தூங்கறேன்' என்று அவர் எழுதியிருந்தார்.

ரொட்டிக்கடை உர்சல், படைத்தளச் சமையலறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். எங்கள் ஆங்கிலம் பேசுவாள். டெலியாவோடு அவள் கடைக்குப் போனேன்.

"உர்சல் அக்கா, கொஞ்சம் வாங்க. வீட்டைக் காலி பண்றேன்னு கீழ் வீட்டம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"ஏன்டி? நல்ல வீடாச்சே."

"தினமும் இடிக்கிறாங்க. நாங்க சத்தம் போடறோமாம்."

உர்சல் மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சத்தமா? ஹெட்விக்குக்கா? அடி பைத்தியமே, மாதா கோயில் மணியை அவ தலைமேல கட்டி அடிச்சாலும் கேக்காது. நாப்பத்தஞ்சாம் வருஷச் சண்டைல இருந்து அவளுக்குக் காது கிடையாது."

"அப்போ எதுக்கு இடிக்கிறாங்க?"

"வா, அவகிட்டயே கேப்போம்."

உர்சல் மணி அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனாள். சமையலறையில் ஹெக்லர் அம்மா அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணாடி விளக்கு. நான் சாவியை மேசைமேல் வைத்தேன்.

"என் பொம்மை!" என்று டெலியா மாடிக்கு ஓடினாள்.

விளக்கு லேசாக ஆடியது.

ஹெக்லர் அம்மா அதை நோக்கி விரலை நீட்டினாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உர்சல் தன் உதடு தெரியும்படி நின்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பதில் நீளமாக, உரக்க வந்தது. அதை எனக்குச் சொல்லும்போது உர்சலின் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

"விளக்கு ஆடினா நீங்க எழுந்து நடமாடறீங்கன்னு தெரியுமாம். ஆடலேன்னா பயமாம். மூட்டு வலி, மாடி ஏற முடியல. அதான் தட்டினாளாம், 'எழுந்திரு, குழந்தைக்கு ஏதாவது குடு'ன்னு."

நான் விளக்கை அண்ணாந்து பார்த்தேன்.

"புருஷன் ரஷ்யாவுல செத்துட்டான்னு கடிதாசி வந்தப்ப, இவ மாடியில உன் அறையிலதான் இருந்தாளாம். மூணு நாளா எழுந்திருக்கல. இந்தச் சமையலறை அப்போ மாட்டுத் தொழுவம். இங்க வேலை செஞ்ச பிரெஞ்சுப் போர்க்கைதி, வைக்கோல் அள்ற கட்டையால கீழே இருந்து இடிச்சுக்கிட்டே இருந்தானாம். எதிரி நாட்டுக்காரன், ஜெர்மன்காரி அறைக்கு ஏறிப் போனா கடுஞ்சிறைதான். இவ இறங்கி வந்து அவனைத் திட்டற வரைக்கும் நிறுத்தலையாம்."

மேசைமேல் வைத்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து டெலியா பூட்ஸ் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாள். நானும் விடிந்ததும் எழுந்து, வேண்டுமென்றே குதிகால் ஊன்றி நடந்தேன்.

ஏப்ரலில் வெண்டல் திரும்பினார். வீட்டில் இருந்தோம்.

அதன் பிறகுதான், ரொட்டி வாங்கப் போனபோது, அந்தக் கைதி என்ன ஆனார் என்று கேட்டேன்.

"கஸ்தோனா? அது ஊருக்கே தெரியுமே," என்றாள் உர்சல். "நாப்பத்தஞ்சு மார்ச்சுல தொழுவத்து வாசல்ல குண்டு விழுந்துச்சு. ஹெட்விக்கை வெளியே தள்ளிட்டு அவன் உள்ளே மாட்டிச் செத்துப்போனான். இவளுக்குக் காதோட போச்சு."

யார் போட்ட குண்டு என்று நான் கேட்கவில்லை. அந்த மார்ச்சில் அங்கே பறந்தவை எங்கள் அமெரிக்க விமானங்கள்.

கஸ்தோனைத் தேடி யாரும் வரவில்லை. ஹெக்லர் குடும்பக் கல்லறையில், அவள் கணவனின் உடல் வந்து சேராத இடத்தில், அவனைத்தான் புதைத்திருக்கிறார்கள்.