மூன்று தட்டு

தனியாகப் படகெடுத்துப் போன அருளப்பன் நான்கு நாளாகத் திரும்பவில்லை. ஆரம்பாக்கம் கரைப்பக்கம் தேடிப்போக, அவனுடைய பைக்கைத்தான் தம்பி மாசிலாமணி கிளப்பினான். என்ஜினுக்குள் ஏதோ தட்டியது.

நீள ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால், சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிடும். வால்வுப் பக்கமிருந்து வந்தது. வால்வைத் திறந்து மூடும் டாப்பெட் தளர்ந்திருந்தால், ஆக்சிலேட்டரைத் திருகத் திருகத் தட்டும் வேகம் கூடும். இது கூடவில்லை. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. டாப்பெட்டைச் சரிசெய்தான், அப்படியேதான் தட்டியது. என்ஜினை அணைத்தான், அப்போதும் தட்டியது.

“இன்னா தம்பி, கெளம்பலாமா?” என்று வந்தாள் அண்ணி பிலோமினா.

“நீயே கேளு அண்ணி.”

காதை வைத்துக் கேட்டாள். “அவருதான். மீன வலைக்கு வெரட்ட படகுல இப்டித்தான் தட்டுவாரு. தனியா போனா, போதும்னு சொல்ல ஆளு ஏது?”

கூட இருப்பவர் இரண்டு தட்டுத் தட்டினால், வலையை இழு என்று அர்த்தம். அவள் ஸ்பேனரை எடுத்து என்ஜின்மேல் இரண்டு முறை தட்டினாள்.

உள்ளே சத்தம் நின்றது. மாசிலாமணி மறுபடி காதை வைத்தான். ஈர வலை மேலேறும்போது தண்ணீர் ஒழுகுமே, அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது.