மக்குத் தண்ணீர்

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஞானதிரவியத்தின் கன்னத்து உட்தோலைக் கொஞ்சம் எடுத்துத்தான் அவருடைய அடைத்துப்போன மூத்திரப்பாதையைப் புதிதாகத் தைத்திருந்தார்கள். இந்த வருடப் பரிசோதனைக்கு வந்தவர், கதவைச் சாத்திக்கொண்டு மூத்திரம் போகும் வேகத்தை அளக்கும் இயந்திரத்தின் புனலில் மூத்திரம் பெய்துவிட்டு வந்தார். வெளியே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நர்ஸ் கோமளா, இயந்திரம் துப்பிய காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். கோடு மலைபோல் ஏறி இறங்கியிருந்தது; அறுவை செய்துகொண்ட ஆளுக்கு நம்ப முடியாத வேகம். "ஐயா, உண்மையச் சொல்லுங்க. உள்ள கெடக்கிற மக்குல தண்ணி மொண்டு ஊத்திட்டீங்கதானே? நெறைய பேரு இதத்தான் பண்றாங்க." அவருக்குக் கோபமே வரவில்லை. அறுவைக்கு முன்னால், லாரியை ஓரங்கட்டிவிட்டுப் புளியமரத்தைப் பிடித்தபடி, சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் நின்ற மனிதர் அவர். நாக்கு தானாகப் போய்க் கன்னத்துத் தழும்பைத் தொட்டது. திருட்டுப் பட்டம் இப்படி இனிக்கும் என்று அவருக்குத் தெரியாது. "அந்த மக்க எடுத்து வெளிய வையும்மா," என்றார், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடு. இன்னொரு தடவ போய்க் காட்டுறேன்." முக்கால் மணி நேரம் கழித்து அவர் மறுபடி உள்ளே போனபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.