சட்டையைப் போட்டுக்கோங்க

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள் மனைவி.

பிளம்பர் படுத்தார். அந்தக் குறுகலான கட்டிலில் புரள்வதற்குள் முதுகு உயிரை எடுத்துவிட்டது.

"வலி முதுகுல. நீ என்னடான்னா நெஞ்சைப் பாக்குறே."

"டாக்டர் எழுதிக் கொடுத்தா பாக்கணும். கொஞ்சம் பேசாம இருங்க."

பேசாமல் இருப்பது அவருக்கு வராத கலை.

முதுகெலும்பில் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கிறது என்று நேற்று தெரிந்தது. அதே கிருமி இரத்தத்திலும் இருந்தது. இதய வால்விலும் போய் உட்கார்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து, ஆபரேஷன் வரைக்கும் போகலாம், எதற்கும் இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர்.

"வால்வுதானே டாக்டர்? வாஷர் மாத்தினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் பிளம்பர். டாக்டர் சிரிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்க இரண்டே பேர். ஒருவர் விடுப்பு. இன்னொருத்தி பிளம்பரின் வீட்டுக்காரி.

அவர் நெஞ்சில் அவள் ஜெல்லைத் தடவினாள். ஜில்லென்றது.

ஒரு மாதமாக இதே கைதான் அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்தது. பாத்திரம் கழுவும் தொட்டிகளுக்கு அடியில் குனிந்தே கிடக்கிற முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று இருவருமே நினைத்தார்கள். விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்கு மழையின் மேல் பழியைப் போட்டார்கள். ஊரார் இதயத்தையெல்லாம் பார்க்கிறவள், கட்டினவரின் நெஞ்சில் ஒரு தடவை காதை வைத்துப் பார்க்கவில்லை. அந்த உறுத்தலில் காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

கருவியை விலா இடுக்கில் வைத்து அழுத்தினாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது.

எக்கோ எடுப்பவர்கள் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது டாக்டரின் வேலை. முகத்திலும் காட்டக் கூடாது. அவள் முகம் அதற்கென்றே வாய்த்தது. சீட்டாட்டத்தில் வீட்டில் ஒருவராலும் அவளை ஜெயிக்க முடிந்ததில்லை.

ஆனால் பிளம்பருக்கு ஒரு ரகசியம் தெரியும். சாப்பிடும்போது அவளே உளறியதுதான்.

ஒன்றும் இல்லையென்றால், கருவியை எடுத்த கையோடு "சட்டையைப் போட்டுக்கோங்க" என்பாள். எதையாவது பார்த்துவிட்டால் சட்டைப் பேச்சே வராது. "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பாள். அந்த ஆளைத் தனியாக எழுந்து போகவிடக் கூடாது, அதற்காக. பழகிப் பழகி அது தன்னாலேயே வாயில் வந்துவிடுகிறது என்று சொல்லிச் சிரிப்பாள்.

அதனால்தான் சட்டையைக் கைக்கெட்டுகிற தூரத்தில், நாற்காலியில் தயாராகப் போட்டு வைத்திருந்தார்.

இயந்திரத்திலிருந்து அவருடைய இதயத் துடிப்பு கேட்டது. காலியான குழாயில் தண்ணீர் வரும்போது எழுகிற சத்தம்.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது போல."

அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

கருவி கொஞ்சம் நகர்ந்தது. பிறகு பழைய இடத்துக்கே வந்தது. மறுபடியும் நகர்ந்து, மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

கசிவைத் தேடும்போது பிளம்பரும் அப்படித்தான். கண்டுபிடித்த பிறகும் நம்பாமல் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். சீட்டாடுகிற அதே முகம்.

அவள் கருவியை எடுத்து அதன் இடத்தில் மாட்டினாள். மற்றவர்களிடம் காகிதத்தை நீட்டுவாள், துடைத்துக்கொள்வது அவர்கள் பாடு. இவருக்குத் தானே துடைத்துவிட்டாள். விலாவில் தொடங்கி, கவனமாக.

போட்டுக்கோங்க என்று சொல்லு, என்று அவர் மனம் கெஞ்சியது.

"கூட யாரு வந்திருக்காங்க?"

காகிதம் பிடித்த அவள் கை அவர் நடுநெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

பிளம்பர் சட்டையின் பக்கம் போகவில்லை. ஜெல் ஒட்டிப் பிசுபிசுத்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"நீதான் வந்திருக்கே."